பழைய வீடியோ கார்டும் லினக்ஸும்

ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரே தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன், டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளமும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. அன்று பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று உத்தியோகத்தில் அமர்ந்து குடும்பஸ்தர்களாகவும் ஆகிவிட்டார்கள். ஆனால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அக்காலத்து மடிக்கணினிகளும், அவற்றுக்கு முன்னரே வாங்கப்பட்ட மேசைக் கணினிகளும், பழுது ஒன்றும் இல்லாமலே பரணில் கிடப்பது சாதாரண விஷயம். விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்ட ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த பதிப்போ இத்தனை பழைய யந்திரங்களை ஏற்பதில்லை. ஆகவே, இவற்றுக்கு மறுவாழ்வு கொடுக்க விரும்புகிறவர் லினக்ஸை நாடுவது இயல்பே.

நாடி வந்தவர் முதலில் இடறுவது பெரும்பாலும் திரையிலேதான். லினக்ஸை நிறுவி முடித்து யந்திரத்தை மறுபடி தொடங்கினால் திரை கறுத்தே நின்றுவிடுகிறது. அல்லது எழுத்துகள் பெருத்துத் தெரிகின்றன. அல்லது ஜன்னல் ஒன்றை இழுத்தால் அது அசைந்து அசைந்து நகர, உள்ளே இருக்கும் விசிறி இரைச்சலிடத் தொடங்குகிறது. இந்தக் கோளாறுகளுக்குக் காரணம் யந்திரத்தின் மூப்பு என்று எண்ணி அதைத் திரும்பவும் பரணில் ஏற்றுகிறவர்கள் உண்டு. உண்மையில் மூப்பு பெரும்பாலும் இதற்குக் காரணம் அன்று. வீடியோ கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருள் பொருந்தி அமையாததே காரணம். அதன் தன்மையை விளங்கிக் கொண்டால், பரிகாரமும் தானே விளங்கும்.

1024-க்கு 768 என்ற அளவுடைய பழைய திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 7,86,432 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க நான்கு பைட்டுகள் வேண்டுமாதலால், ஒரு முழுப் படத்துக்கு முப்பத்தோரு லட்சம் பைட்டுகளுக்கு மேல் ஆகின்றன. திரை ஒரு விநாடியில் 60 தடவை புதுப்பிக்கப்படுவதால், விநாடிதோறும் பதினெட்டுக் கோடியே எண்பத்தேழு லட்சம் பைட்டுகள் திரைக்குப் போய்ச் சேர வேண்டும். கணக்குகளைப் பார்ப்பதற்கென்று அமைந்த மத்திய பிராஸஸர் இந்த வேலையையும் தானே சுமந்தால் மற்ற காரியங்களில் சுணங்கிப் போகும். ஆகையால் படங்களை வரைவதற்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கும், நிறம் தோய்ப்பதற்கும் பிரத்தியேகமான சில்லு ஒன்றை அமைத்து, அதற்குச் சொந்தமான நினைவகத்தையும் கொடுத்து, வீடியோ கார்டு என்று வைத்தார்கள். மலிவான மடிக்கணினிகளில் இது தனிக் கார்டாக இராமல் பிராஸஸரோடோ மதர்போர்டோடோ சேர்ந்தே இருக்கும். செய்யும் தொழில் ஒன்றுதான்.

இச்சில்லின் பலம் பெரிது. ஆனால் அது எவருடைய பேச்சுக்கும் இணங்குவதில்லை. ஸ்ரீரங்கம் கோயில் யானையைப் பார்த்தவர்கள், அதன் காதுக்குப் பின்னால் பாகன் எந்த இடத்தில் காலால் தொட்டால் அது நடக்கும், எந்தச் சொல்லுக்கு நிற்கும் என்பது அந்தப் பாகனுக்கே தெரிந்த வித்தை என்பதை அறிவார்கள். டிரைவர் இத்தகைய பாகன். எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் கடிகார வேகம் மாறும், எந்தக் கட்டளையால் முக்கோணம் ஒன்று நிரப்பப்படும் என்ற அந்தரங்கம் முழுவதும் அதற்கே தெரியும். யானை திடகாத்திரமாக இருக்கும்போதே பாகன் விலகிவிட்டால் என்ன நேருமோ அதுவே பழைய வீடியோ கார்டுகளுக்கும் நேர்கிறது.

லினக்ஸில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. திரையின் அளவை நிர்ணயிப்பதும், கார்டின் நினைவகத்தைப் பங்கிடுவதும் ‘கெர்னல்’ என்னும் உட்கருவில் உள்ள டிரைவரின் பொறுப்பு; திரையளவைக் கெர்னலே நிர்ணயிக்கும் ஏற்பாடு 2009-இல் வெளிவந்த 2.6.29-ஆம் கெர்னலில் இன்டெல் சில்லுகளுக்காக முதலில் நுழைந்தது. செயலிகள் வேண்டும் சித்திரங்களைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மொழிபெயர்ப்பது ‘மேசா’ என்னும் நூலகத்தின் பொறுப்பு. இதை 1993-இல் தனி ஒருவராகத் தொடங்கியவர் பிரையன் பால். கார்டுக்குத் தக்க டிரைவர் கிடைக்காதபோது, மேசா மனம் தளர்ந்து நின்றுவிடாமல், ‘எல்எல்விஎம்பைப்’ என்னும் உபாயத்தால் மத்திய பிராஸஸரைக் கொண்டே சித்திரத்தை வரைந்துவிடுகிறது. படம் தெரிகிறது என்பதனால் டிரைவர் வேலை செய்கிறது என்று நாம் ஏமாந்துவிடலாகாது. ஜன்னல் தள்ளாடுவதும் விசிறி இரைவதும் பெரும்பாலும் இந்த மாற்று ஏற்பாட்டின் அறிகுறிகளே.

இனி, கார்டுகளைச் செய்த மூன்று பெரிய ஸ்தாபனங்களின் போக்கைப் பார்ப்போம். பழைய கார்டு ஒன்றின் பிற்கால வாழ்வு அதைச் செய்தவருடைய போக்கையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

இன்டெல் நிறுவனத்தார் தம் சில்லுகளின் டிரைவரை, எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாகவே எழுதி வருகிறார்கள். 2005-இல் வந்த 945 என்னும் சில்லுத் தொகுதியிலுள்ள சித்திரப் பகுதிக்கு இன்றும் கெர்னலிலும் மேசாவிலும் டிரைவர் உண்டு. அதற்குப் பின் வந்த 965 முதலான பல தலைமுறைகளுக்கு ‘குரோகஸ்’ என்னும் டிரைவர் 2021-இல் மேசாவில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பதினைந்து ஆண்டு மூத்த சில்லுக்குப் புதிய டிரைவர் எழுதப்படுகிறது என்றால், அதன் ரகசியம் பூட்டி வைக்கப்படாததே அதற்குக் காரணம். இதே இன்டெல், சிறு மடிக்கணினிகளில் வைத்த ஜி.எம்.ஏ. 500 என்னும் சில்லு மட்டும் வேறொருவருடைய பவர்வி.ஆர். சித்திரப் பகுதியை உள்ளே கொண்டிருந்தமையால், அதன் அந்தரங்கம் வெளிவரவில்லை. இன்றும் அதற்குத் திரையை அமைக்கும் டிரைவர் மட்டுமே உண்டு, சித்திரத்தை விரைவாக வரையும் டிரைவர் இல்லை.

ஏ.எம்.டி. நிறுவனம் 2006-இல் ஏ.டி.ஐ.யை விலைக்கு வாங்கி, 2007 செப்டம்பரில் ரேடியான் சில்லுகளின் விவரங்களை வெளியிடப்போவதாக அறிவித்தது. சூசி லினக்ஸின் பொறியாளர்கள் அவ்வேலையில் துணை நின்றார்கள். அந்த அறிவிப்பின் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். ஏ.எம்.டி. தானே எழுதி வெளியிட்ட மூடிய டிரைவர், ரேடியான் 9500 முதல் எக்ஸ்1950 வரையிலான கார்டுகளை 2009-இலேயே கைவிட்டது. ஆனால் 2002-இல் வந்த ரேடியான் 9700-க்கும் அதன் உறவினர்களுக்கும் உரிய ‘ஆர்300’ என்னும் திறந்த டிரைவர், தன்னார்வலர்களின் சிரத்தையால் இன்றும் மேசாவில் உயிரோடு இருக்கிறது.

என்விடியாவின் கதை வேறு. அந்நிறுவனம் நெடுங்காலம் தன் டிரைவரை மூடிய பொருளாகவே கொடுத்தது. ஜீஃபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கு உரிய 304-ஆம் கிளை 2017-உடனும், 8400 ஜி.எஸ்., 210 முதலிய கார்டுகளுக்கு உரிய 340-ஆம் கிளை 2019-உடனும், 400, 500 வரிசைகளுக்கு உரிய 390-ஆம் கிளை 2022-உடனும் முற்றுப்பெற்றன. கெர்னலோ ஆண்டுதோறும் பலமுறை புதுப்பிக்கப்பட்டு அதன் உள்ளமைப்பு மாறிக்கொண்டே வருவதால், எழுதி நிறுத்தப்பட்ட டிரைவர் ஒரு நாள் புதிய கெர்னலோடு பொருந்தாமல் போகிறது. நேற்று வரை ஒழுங்காக இருந்த யந்திரம் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு திடீரென்று கறுத்துப்போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. இந்நிலையில் உபகாரமாக அமைந்தது ‘நூவோ’ என்னும் திறந்த டிரைவர். என்விடியா தன் சில்லின் விவரங்களைச் சொல்லாதிருந்தபோது, அதன் மூடிய டிரைவர் கார்டின் பதிவேடுகளில் என்னென்ன எழுதுகிறது என்பதைக் கருவிகளால் குறித்துக்கொண்டு, எந்த எழுத்துக்கு எந்தப் பலன் என்று தன்னார்வலர்கள் பொறுமையோடு ஆராய்ந்து எழுதிய டிரைவர் அது. 2010-இல் 2.6.33-ஆம் கெர்னலோடு அது சேர்ந்தது. கார்டின் முழு வேகத்தை அது பல வேளைகளில் எட்டுவதில்லை. கார்டு தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். எனினும் கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், இணையத்தில் படிக்கவும் அது போதுமானது.

இனி அனுஷ்டானத்துக்கு வருவோம். முதல் வேலை, கார்டு இன்னதென்று திட்டமாக அறிவது. பெட்டியில் ஒட்டிய சீட்டை நம்பாமல், ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளையைக் கொடுத்தால் சில்லின் பெயர் வரும். அதற்கு உரிய தேர்வுகளையும் சேர்த்தால் செய்தவரின் அடையாள எண்ணும், தற்போது அதை இயக்கும் கெர்னல் டிரைவரின் பெயரும் தெரியும். அவ்வெண் இன்டெலுக்கு 8086, ஏ.எம்.டி.க்கு 1002. டிரைவரின் பெயர் வரவேண்டிய வரி இல்லாதிருந்தால், கார்டை எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். அடுத்து ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ என்னும் கட்டளையால் வரைபவர் யார் என்று கேட்க வேண்டும். எல்எல்விஎம்பைப் என்று பதில் வந்தால் வேலை முடியவில்லை.

நிறுவும்போது திரை கறுத்தால் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைத் தொடக்க வரியில் சேர்க்கும்படி அறிந்தவர்கள் சொல்வதுண்டு. அது கெர்னல் டிரைவரை விலக்கி வைத்து, எளிய திரையோடு உள்ளே நுழைய உதவும் தற்காலிக உபாயம். நுழைந்தபின் அதை நீக்காமல் அப்படியே விட்டுவிடுவதால், சரியான டிரைவர் பக்கத்திலேயே இருந்தும் வேலை செய்ய முடியாமல் முடங்கிக் கிடக்கும் கணினிகள் மிகப் பல. அதை நீக்கிப் பார்ப்பதே முதற் பரிகாரம்.

ரேடியான் கார்டுகளில் டிரைவரோடு ‘ஃபர்ம்வேர்’ என்னும் சிறு கோப்புகளும் வேண்டும். அவை இல்லாவிடில் ஹெச்.டி. 5450 போன்ற சாதுவான கார்டுகூடத் தகராறு செய்யும். டெபியனில் அக்கோப்புகளைத் தனியே தேடி எடுக்க வேண்டியிருந்த சிரமம், 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் தீர்ந்தது. நிறுவும் தட்டிலேயே அவை சேர்ந்து வருகின்றன. என்விடியா கார்டுகளில், காலம் முடிந்த மூடிய டிரைவரைச் சுவடில்லாமல் நீக்கிவிட்டு, அது நூவோவைத் தடுப்பதற்காக எழுதி வைத்த தடைக் கோப்பையும் நீக்க வேண்டும். தடை நின்றால் பழைய டிரைவரும் இல்லாமல் புதிய டிரைவரும் இல்லாமல் கார்டு அநாதையாகிவிடும். இவற்றைச் செய்தபின் எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.க்யூ.டி. போன்ற எளிய மேசைச்சூழலைத் தேர்ந்தெடுத்தால், அலங்காரங்களுக்காகக் கார்டை வருத்தாமல் காரியம் நடக்கும்.

டிரைவரை ஆராயும் முன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று நம் ஊருக்கு விசேஷமாக உண்டு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியின் வெயிலும், தெருப் புழுதியும் கார்டின் விசிறியை அடைத்துவிடுகின்றன. சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் செல்ல உலர்ந்து, சூட்டைக் கடத்தும் தன்மையை இழக்கிறது. சூட்டினால் கார்டு மயங்கி நிற்பதும் டிரைவர் பொருந்தாமல் நிற்பதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆகையால் தூசி நீக்கி, பேஸ்டைப் புதுப்பித்துவிட்டு டிரைவரின்மேல் குற்றம் சொல்வது முறை.

எல்லாக் கார்டுகளையும் காப்பாற்றிவிடலாம் என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. மலிவான மதர்போர்டுகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த வி.ஐ.ஏ., எஸ்.ஐ.எஸ். சில்லுகளுக்கு உரிய மிகப் பழைய கெர்னல் டிரைவர்கள், பேணுவார் இன்மையால், 2023-இல் வந்த 6.3-ஆம் கெர்னலில் நீக்கப்பட்டன. 2022-இல் மேசா 22.0-இலும் பழைய டிரைவர்கள் சில பிரிக்கப்பட்டு ‘ஆம்பர்’ என்னும் தனிக் கிளையில் வைக்கப்பட்டன. 32-பிட் பிராஸஸர் மட்டுமே உள்ள யந்திரங்களுக்கு டெபியன் 12-ஆம் பதிப்பே கடைசித் துணை. டிரைவர் நீக்கப்பட்ட சில்லுகளுக்குச் சித்திர வேகம் இல்லாத எளிய திரையே விதி. தட்டச்சுக்கும் பாடத்துக்கும் அதுவும் உதவாமல் போகாது.

இவை அனைத்திலிருந்தும் பெறப்படும் நியாயம் ஒன்றே. ஒரு கார்டு எத்தனை காலம் வாழும் என்பதை நிர்ணயிப்பது அதன் வயதன்று. அதை இயக்கும் அறிவு பொதுச் சொத்தாக இருக்கிறதா, ஒருவருடைய பெட்டியில் பூட்டிக் கிடக்கிறதா என்பதே. திருச்சி ஜோசப் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம் அவர்கள், ஜனாதிபதியாக இருந்த 2003-ஆம் ஆண்டு மே மாதம் புனேயில் பேசும்போது, திறந்த மூல மென்பொருளே இந்தியாவுக்கு ஏற்றது என்று வற்புறுத்தினார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து அதே கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, கணினியின் உள்ளமைப்பைத் தமிழில் சாமானியருக்கும் விளங்க எழுத முடியும் என்பதைக் காட்டினார். ஒருவர் வற்புறுத்திய கொள்கையையும் மற்றவர் காட்டிய வழியையும் ஒன்று சேர்ப்பது இவ்வூராருக்கு உரிய கடமை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன், அதன் வீடியோ கார்டு எது, அதற்குத் திறந்த டிரைவர் உண்டா என்று ஒரு தடவை பாருங்கள். பழைய கார்டு ஒன்றை விலைக்கு வாங்க நேர்ந்தால், திறந்த டிரைவர் உள்ள இன்டெல், ரேடியான் வகைகளை விரும்பி எடுங்கள். உங்கள் யந்திரம் சீர்பட்டபின், எந்தக் கார்டு, எந்தக் கெர்னல், என்ன செய்து சீர்பட்டது என்பதைத் தமிழில் நான்கு வரி எழுதி, பக்கத்திலுள்ள பள்ளியின் கணினி ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த நான்கு வரியால் அப்பள்ளியிலுள்ள யந்திரங்களும் மாணவர்களுக்குப் பயன்படும்.