கண்ணுக்குத் தெரியாத பொட்டு

வேலியிலே பொட்டு விழுந்தால் அன்றே அடைத்துவிடுகின்றோம். கண்ணுக்குப் புலப்படாத பொட்டை அடைப்பது எங்ஙனம்?

கணினியின் பணிசெயல் முறைமைக்குக் கேர்ணல் என்பதே கரு. எந்தக் கோப்பை எவர் வாசிக்கலாம், எவர் திருத்தலாம் என்னும் வரம்பைக் காப்பதும் அதுவே. வாசிக்க மாத்திரம் உரிமையுள்ள ஒருவர் எழுத முற்பட்டால், மூலத்தைத் தொடவிடாது, பிரதியொன்றை எடுத்து அதிலே எழுதச் செய்யும். லினக்ஸ் கேர்ணலிலோ, பிரதி எடுக்கும் கணநேரத்திற் பன்முறை குறுக்கிட்டால், எழுத்து மூலத்திலேயே பதிந்துவிடும் குறை இருந்தது. அதனாற் சாதாரண பயனாளரும் கணினி முழுவதையும் ஆளக்கூடியவராவார்.

லினக்ஸை ஆக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனைத் திருத்த முயன்றார். அத்திருத்தம் வேறொரு வகைக் கணினியில் இடர்தரவே நீக்கப்பட்டது. 'டேர்ட்டி கவ்' எனப் பின்னர் பெயர்பெற்ற இக்குறையை 2016 ஒக்டோபரில் அவரே மீண்டும் அடைத்தார்; தமது முந்திய முயற்சி செம்மையற்றது என்பதையும் திருத்தக் குறிப்பிலே எழுதிவைத்தார். அவ்வொட்டிலும் 2017இல் ஒரு பிழை வெளிப்பட, அதுவுந் திருத்தப்பட்டது.

மாணவர்களே, அன்ட்ரொயிட் கைபேசிகளில் உள்ளதும் லினக்ஸ் கேர்ணலே. அறிஞர் செய்த ஒட்டு, நாம் ஏற்றுக்கொள்ளும்வரை நம் வீட்டைக் காவாது. இற்றைப்படுத்தும்படி கைபேசி அறிவிக்கும்போது "நாளை பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள். வேலிப் பொட்டைப்போல அதனையும் அன்றே அடைத்துவிடுங்கள்.