நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை: கங்கைச் சமவெளியின் கிணற்று நீரில் ஆர்சனிக், உடலுக்குள் நடப்பது என்ன?

கொல்கத்தா: மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து தோல் நோய்க்குச் சிகிச்சை பெற வந்த சிலரை, கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா 1983-ஆம் ஆண்டில் பரிசோதித்தார். அவர்களது உடலில் மழைத்துளி தெறித்தது போன்ற புள்ளிகள் காணப்பட்டன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகியிருந்தன. அவர்கள் குடித்துவந்த குழாய்க் கிணற்று நீரில் கலந்திருந்த ஆர்சனிக்கே காரணம் எனத் தெரியவந்தது.

குளம், குட்டை நீரால் பரவிய காலரா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றிலிருந்து மக்களைக் காக்கவே வங்கப் பகுதியில் குழாய்க் கிணறுகள் ஊக்குவிக்கப்பட்டன. கிருமி இல்லாத நீர் கிடைத்தது. ஆனால் அதில் ஆர்சனிக் உள்ளதா என்று அன்று எவரும் சோதிக்கவில்லை. 2002-இல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் உள்ள செமரியா ஓஜா பட்டி கிராமத்திலும் இதே பாதிப்பு கண்டறியப்பட்டது. உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களின் சில பகுதிகளிலும் பிரச்சினை இருப்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

இது தொழிற்சாலைக் கழிவு அல்ல. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டல் மண்ணில், இரும்புத் துருவுடன் ஒட்டியபடி ஆர்சனிக் இயற்கையாகவே உள்ளது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில், மட்கிய தாவரப் பொருட்களை உண்ணும் பாக்டீரியாக்கள் அந்தத் துருவைக் கரைக்கின்றன. அப்போது ஆர்சனிக் விடுபட்டு நீரில் கலக்கிறது. மண்ணின் அடுக்குகள் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு வீட்டின் கிணற்றில் ஆபத்தான அளவும் சில மீட்டர் தள்ளியுள்ள பக்கத்து வீட்டுக் கிணற்றில் பாதுகாப்பான அளவும் இருக்கலாம். ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான். வங்கதேசத்தில் சோதனை முடிந்த கைப்பம்புகளுக்குச் சிவப்பு, பச்சை வண்ணம் பூசப்பட்டது.

குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. 1993-க்கு முன் இது 50 ஆக இருந்தது. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் பத்துத் தண்ணீர் லாரிகளில் மொத்தமாக ஒரு கிராம் கலந்தாலே இந்த வரம்பு எட்டப்பட்டுவிடும்.

குடித்த நீரிலுள்ள ஆர்சனிக் குடலிலிருந்து எளிதில் இரத்தத்தில் சேர்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும், நொதிகளில் கந்தகம் உள்ள இடங்களைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி தடைபடுகிறது. சேதமடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் பணியும் பாதிக்கப்படுகிறது. தோல், நகம், முடி ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தில் கந்தகம் மிகுதி. எனவே ஆர்சனிக் அங்கே தேங்குகிறது. நோயின் முதல் அடையாளம் தோலில் தெரிவதும் வியப்பல்ல.

கல்லீரல் தன் பங்குக்கு ஆர்சனிக்கை இரண்டு கட்டங்களாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்ற முயல்கிறது. ஆனால் முதல் கட்டத்தில் உருவாகும் பொருளின் ஒரு வடிவம் மூல ஆர்சனிக்கைவிட நச்சுத்தன்மை மிக்கது. இரண்டாம் கட்டம் மந்தமாக நடப்பவர்களுக்குத் தோல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த மாற்றத்துக்கு ஃபோலேட் சத்து துணைபுரிகிறது. வங்கதேசத்தில், இச்சத்து குறைந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது இரத்தத்தில் ஆர்சனிக் அளவு குறைந்தது. ஒரே நீரைக் குடிக்கும் இருவரில் சத்துணவின்றி வாடுபவர் முதலில் பாதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோல் மாற்றங்கள் தெரியவே பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகின்றன. புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகள். இதற்கு வலுவான சான்று தென் அமெரிக்காவில் கிடைத்தது. சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரக் குடிநீரில் 1958 முதல் 1970 வரை லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்தது. பின்னர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டு அளவு குறைக்கப்பட்டது. ஆயினும், அக்காலத்தில் தாயின் கருவில் இருந்தவர்களும் சிறு குழந்தைகளாக இருந்தவர்களும் நடுத்தர வயதை எட்டியபோது, அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் பல மடங்கு அதிகமாக இருந்தன. தொப்புள்கொடி வழியே ஆர்சனிக் கருவைச் சென்றடைகிறது என்பதால், கர்ப்பிணிகள் அருந்தும் நீரை முதலில் சோதிப்பதே முறை.

நாள்பட்ட பாதிப்பை முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. நீரை மாற்றுவதே முதன்மைச் சிகிச்சை. நீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கு தவறானது. கிருமிகள் சாகும், ஆனால் நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சியதில் ஆர்சனிக்கின் அடர்த்தி கூடவே செய்யும். சமையலிலும் இதே சிக்கல் உண்டு. ஆர்சனிக் உள்ள நீரில் சோறு வடித்தால் அரிசி அதை உறிஞ்சிக்கொள்ளும். பாதுகாப்பான நீரை நிறைய ஊற்றி, கஞ்சியை வடித்துவிட்டால், அரிசியில் ஏற்கெனவே உள்ள ஆர்சனிக்கும் ஓரளவு குறையும்.

அண்மைய நாட்களில் உடலில் சேர்ந்ததைச் சிறுநீர்ப் பரிசோதனையும், கடந்த சில மாதங்களில் சேர்ந்ததை முடி, நகப் பரிசோதனையும் காட்டும். கடல் மீன், இறால் போன்றவற்றில் தீங்கற்ற வகை ஆர்சனிக் இருப்பதால், சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர்.