கடைசியில அந்த ஆளு கரை ஏறுனானா?

"மூணு நாள் லீவு வேணும் சார்."

"ஊட்டியா, கொடைக்கானலா?" என்றார் நான் பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் ஆபீசின் ஆடிட்டர்.

"பழவேற்காடு சார்."

"அங்க என்னய்யா இருக்கு?"

"காதல் சார்!"

கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜூலை ரிட்டர்ன் சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள போய்த் தொலை. ஒரு நாள்தான்!"

விஷயம் இதுதான். கோடை லீவுக்குப் படிக்க நல்ல காதல் நாவல்கள் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். பி.காம். படித்தவனுக்குக் காதலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். டெபிட், கிரெடிட் தெரியும். காதலுக்கு அது போதும் என்பது என் அனுபவம். கரன்ட் போன மத்தியானம், பனியன் முதுகில் ஒட்டிக் கொண்டிருக்கும்போது, கதாநாயகியின் கண்ணைப் பற்றி யார் படிப்பது? கடல் காற்றில் உட்கார்ந்து படிக்கலாமே என்று கிளம்பி விட்டேன்.

ஒரு காலத்தில் இந்தச் சமாசாரம் ரொம்ப சுலபம். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக் கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, மாத நாவல்களைத் தொங்க விட்டிருப்பார்கள். 1969-ல் ஆரம்பித்த ராணிமுத்து, அப்புறம் மாலைமதி என்று எத்தனை! தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் ரமணிசந்திரன் நாவலுக்கு அக்காமார்கள் க்யூவில் நிற்பார்கள். கோபக்கார ஹீரோ, தப்பாகப் புரிந்து கொள்ளப்பட்ட ஹீரோயின், கடைசிப் பக்கத்தில் சுபம்! அக்காவுக்காகப் புத்தகம் எடுக்கப் போவதாகச் சொல்லி, வழியிலேயே பாதி படித்த தம்பிமார்களில் நானும் ஒருவன்.

இப்போது புதுக் காதல் நாவல் எல்லாம் செல்போனுக்குள் வந்து விட்டது. 2014-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி செயலியில் தமிழ்ப் பெண்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதித் தள்ளுகிறார்கள். 2016-ல் அமேசான் கிண்டிலிலும் தமிழ் வந்தது. நான் பழைய ஆள். 'கடைசியில் எல்லாம் சுபமாக முடியும், இதெல்லாம் ஒரு இலக்கியமா?' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, பையில் வேறு புத்தகங்களைப் போட்டுக் கொண்டேன். எல்லாம் கடலோரக் காதல்கள்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் சுமார் 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்ச் சேர்ந்தது, கல்லறை மட்டும் பத்திரமாக இருக்கிறது! அதன் வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நம்மை வரவேற்கின்றன. குளிர்காலத்தில் வரும் பூநாரைகளை மே மாசம் தேடாதீர்கள். வெயிலில் ஏரித் தண்ணீர் வற்றி, உப்பு ஏறிக் கிடக்கும். முகத்துவாரத்தை மணல் மூடிக் கொண்டால் மீனவர் பாடு திண்டாட்டம்.

பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. ஏரியில் எவர் எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக் கொள்வதற்கு இங்கே 'பாடு' என்றே பெயர். மீனவ ஊர்களில் கல்யாணம் ஆனவனைத்தான் 'தலைக்கட்டு' என்று கணக்கில் சேர்ப்பது வழக்கம். நம் ஆபீசில் கல்யாணம் ஆனால் ஒரு இன்கிரிமென்ட் கூடக் கிடையாது!

ஒரு குப்பத்தில், பூவரச மர நிழலில் உட்கார்ந்து 'செம்மீன்' நாவலைப் பிரித்தேன். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் மலையாளத்தில் எழுதியது. நம் சுந்தர ராமசாமி தமிழில் மொழிபெயர்த்தார். படமாகி ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது.

பக்கத்தில் ஒரு ஆயா கருவாடு புரட்டிக் கொண்டிருந்தார். பொன்னேரியில் காலேஜ் படிக்கும் பேத்தி, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக் கொண்டு செல்போனில் மூழ்கியிருந்தாள்.

"இன்னா புக்கு தம்பி அது? பரீட்சையா?"

"கதைப் புத்தகம் ஆயா. காதல் கதை."

"சொல்லேன். கையி பாட்டுக்கு வேல செய்யும், காது சும்மாத்தான கீது."

சொன்னேன். மீனவப் பெண் கருத்தம்மா, முஸ்லிம் வியாபாரி பரீக்குட்டி, இருவரும் காதலிப்பது, அவள் பழனி என்கிற மீனவனுக்குக் கட்டி வைக்கப்படுவது... ஆயா 'உம்' கொட்டிக் கொண்டே வந்தார். "கரையில பொண்டாட்டி ஒழுங்கா இருந்தாத்தான் கடல்ல புருஷன் பத்திரமா இருப்பான்னு அந்த ஊர்ல ஒரு நம்பிக்கை ஆயா" என்றேன்.

கருவாடு புரட்டிய கை நின்று விட்டது.

"அப்ப என் வூட்டுக்காரரு?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. விடியக்காலம் போனவரு. போட்டு வந்துச்சு, அவரு வரல. நான் கைக்கொழந்தையோட கரையில நிக்கறேன். காத்து மாறிச்சுன்னு ஒருத்தரும் சொல்லல தம்பி. அவ ராசின்னாங்க. சொந்தத்துலயே சொன்னாங்க. அப்புறம் கூடையத் தூக்கினேன். மீன் வித்துத்தான் ரெண்டு புள்ளைங்களக் கரையேத்துனேன். அதுக்கு எந்த ராசின்னு ஒருத்தரும் சொல்லல. உன் புக்குலயும் அத்தத்தான் எழுதிக்கீதா?"

கொஞ்ச நேரம் கழித்து, "கடைசியில அந்தப் பழனி கரை ஏறுனானா?" என்றார்.

மூன்று தரம் படித்த புத்தகம். சுறா இழுத்துக் கொண்டு போகும் கடைசி அத்தியாயம் எனக்கு அத்துப்படி. "இன்னும் அந்தப் பக்கம் வரல ஆயா" என்று மூடி வைத்தேன்.

பேத்தி சிரித்தாள். "ஆயா எல்லாக் கதைக்கும் இதத்தான் கேக்கும் அண்ணே. நான் போன்ல தொடர் படிச்சுக் காட்டுவேன். ஹீரோ திரும்பி வர்ற வரைக்கும் தூங்காது. வந்துட்டான்னா, 'சரி, லைட்ட அமத்து'ன்னுடும்!"

சார், நான் கேலி செய்த அதே சுப முடிவு! நமக்கு அது சலித்துப் போன சமாசாரம். நாம் சாயங்காலம் ஆறு மணி ரயிலில் ஒழுங்காக வீடு திரும்புகிற ஜாதி. திரும்பி வராத ஒருவருக்காகக் கரையில் நின்றவருக்கு, கதையிலாவது ஒருத்தன் திரும்பி வருவது சின்ன விஷயம் இல்லை.

'செம்மீன்' பெரிய நாவல்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பிள்ளை புத்தி வேறொன்றைச் சொல்கிறது. கடலில் நேர்ந்த நஷ்டத்தை அந்த ஊர் கரையில் நிற்கும் பெண்ணின் பேரில் பற்று எழுதுகிறது. அவள் கூடை சுமந்து சம்பாதித்ததை யார் பேரில் வரவு வைப்பது? எந்த ஆடிட்டரும் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆக, என் சிபாரிசு இது:

'செம்மீன்' - கட்டாயம் படியுங்கள். ஆயாவின் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு படியுங்கள்.

'கடல்புரத்தில்' - வண்ணநிலவன் 1977-ல் எழுதியது. தென் கோடிக் கரையில், வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கும் சண்டைக்கு நடுவே பிலோமி, சாமிதாஸ் காதல். சேர மாட்டார்கள். ஆனால் பிலோமி செத்துப் போவதில்லை, யாரையும் வெறுப்பதுமில்லை. சின்னப் புத்தகம், ஒரே மத்தியானம் போதும்.

'பொன்னியின் செல்வன்' - முழுசும் படிக்க லீவு போதாதவர்கள் பூங்குழலி வரும் பக்கங்களையாவது படியுங்கள். 1950-ல் கல்கி தொடராக ஆரம்பித்த கதையில், கோடிக்கரைப் பெண் கரையில் அழுது கொண்டு நிற்கவில்லை. தானே படகு வலித்துப் போய் ஆண்களைக் கரை சேர்க்கிறாள்!

நாலாவதாக, உங்கள் வீட்டில் யாராவது செல்போனில் தொடர் படித்தால் எட்டிப் பார்த்துச் சிரிக்காதீர்கள். என்ன கதை என்று கேளுங்கள்.

நானும் கேட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்ந்தபோது, என் மனைவி போனில் முப்பத்தெட்டாவது அத்தியாயத்தில் இருந்தாள்.

ரொம்ப அன்பாக, "கடைசியில அந்த ஆளு வந்துட்டானா?" என்றேன்.

தலை நிமிராமல் சொன்னாள்: "வந்தாச்சு, வெறுங்கையோட! பழவேற்காடு வரைக்கும் போயி ஒரு கிலோ எறால் வாங்கத் தோணலையா உங்களுக்கு?"