இரு கரைக் கால்வாய்களும் சர்வரின் ஞாபகமும்

மேட்டூர் அணையிலிருந்து கிழக்குக் கரைக் கால்வாய், மேற்குக் கரைக் கால்வாய் என இரண்டு புறப்பட்டு, சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்வதை இப்பக்கத்துக் குடியானவர் எவரும் அறிவர். அக்கரை மடையைத் திறந்து வைத்துவிட்டு இக்கரைப் பயிர் வாடுகிறதே என்று விசனப்படுவாரில்லை. இரண்டு பிராசஸர் கொண்ட சர்வரில் ரேம் பொருத்துவதன் தத்துவமும் ஏறக்குறைய இதுவே.

முன்னெல்லாம் ரேமை ஆளும் பொறுப்பு மதர்போர்டிலிருந்த தனிச் சிப் ஒன்றிடம் இருந்தது. 2003-இல் ஏ.எம்.டி.யின் ஆப்டெரானும், 2009-இல் இன்டெலின் ஸியான் 5500 வரிசையும் அப்பொறுப்பைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தபின், ஸ்லாட்டுகளில் பாதி முதற் பிராசஸருக்கும் பாதி இரண்டாவதற்கும் உரியவையாயின. இரண்டாவது பிராசஸர் இல்லையேல், அதன் பக்கத்து ஸ்லாட்டுகளில் எத்தனை ரேம் செருகினாலும் விருதாவே. இரண்டும் இருந்து, ரேம் முழுவதும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டாலோ, வேலை நடக்கும். ஆயினும் மற்றப் பிராசஸர் ஒவ்வொரு தடவையும் அக்கரைக்குப் போய் அள்ளிவர வேண்டியிருப்பதால் தாமதம் நேரும்.

ஆகவே, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ, கோழிப்பண்ணைகளின் கணக்கை வைத்திருக்கும் நாமக்கல் அலுவலகத்திலோ, 16 ஜிபி ரேம் பதினாறு செருகி 256 ஜிபியை எதிர்பார்த்து நிற்பவருக்குக் குறைவான தொகையே திரையில் தென்படுமாயின், எவ்வளவு குறைகிறது என்பதை முதலில் நிதானமாகக் கணக்கிட வேண்டும். ஏனெனில் குறையின் அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சரிபாதி குறைந்தால், இரண்டாவது பிராசஸர் செவ்வனே அமரவில்லை என்றோ, ஒவ்வொன்றுக்கும் பிரதி வைக்கும் 'மிரரிங்' ஏற்பாடு பயாஸில் இயங்குகிறது என்றோ சந்தேகிக்கலாம். 16 ஜிபி மட்டும் குறைந்தால், ஒரு ரேமோ ஒரு ஸ்லாட்டோ காரணமாகலாம். யந்திரம் தொடங்கவே மறுத்தால், ஆர்டிம், எல்ஆர்டிம் என்னும் இருவேறு ஜாதி ரேம்கள் கலந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும்.

பரிசோதனைக்கும் ஒரு கிரமம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்து, எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எழுதிக்கொண்டு, கையேடு காட்டும் முதல் ஸ்லாட்டில் பிராசஸருக்கு ஒன்றாக வைத்துத் தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய ரேமை வேறிடத்துக்கு மாற்றும்போது பழுதும் உடன் சென்றால் ரேம் கெட்டது. பழுது பழைய இடத்திலேயே நின்றால் ஸ்லாட்டோ, பிராசஸர் அமரும் சாக்கெட்டோ கெட்டது. 2017-இல் வந்த ஸியான் வரிசையின் சாக்கெட்டில் 3,647 பின்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வளைந்தாலும், பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் பாதையாகிய சானல் ஒன்று முழுதும் ஊமையாகிவிடக்கூடும். அவ்வரிசையில் பிராசஸருக்கு ஆறு சானல்கள். ஆறிலும் ஒரே அளவு ரேமை இரு பக்கமும் சமமாக நிரப்பினால்தான் முழு வேகம் கிட்டும்.

இவ்வளவையும் செய்ய ஒரு பிற்பகல் போதும். அவசரப்பட்டு நல்ல ரேமைத் தூர எறிந்து புதிதுக்குப் பணம் செலவிடும் சிறு ஸ்தாபனம், சாக்கெட்டில் பின் வளைந்திருக்குமாயின், மறுநாளும் அதே குறையையே காணும். ஆதலால் பழுது தீர்ந்தபின், எந்த ஸ்லாட்டில் எந்த ரேம் என்று எழுதிய அந்தக் காகிதத்தைத் திருத்தி, சர்வர் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைப்பது, அடுத்து அதைத் திறப்பவருக்கு நாம் செய்யும் பேருபகாரமாகும்.