தாத்தாவோட ஜட்கா குதிரை அரபிக் குதிரையா?

இந்த வாரம் ஒரு குதிரையோட வம்சத்தைத் தேடப் போறோம்.

என் அப்பாவோட அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஜட்கா ஓட்டினவர். மார்க்கெட் வாசலில் சவாரி ஏத்தினா மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம் வழியா ஸ்ரீரங்கம். வண்டியை இழுத்தது ஒரு ஆண் மட்டக்குதிரை. "இது கப்பல்ல வந்த அரபிக் குதிரையோட வாரிசுடா" என்று கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார். வீட்டில் யாரும் நம்பல. அவர் பேச்சை எடுத்தாலே எல்லாரும் சிரிப்பாங்க, நானும்தான். அப்பத்தா மட்டும் அந்தக் குதிரையோட வால் முடியில் ஒரு கொத்தை நூல் சுத்தி டிரங்குப் பெட்டியில் வச்சிருக்காங்க.

போன மாசம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தாத்தா நிஜமாவே புளுகினாரா?

முதல்ல, கப்பல்ல குதிரை வந்தது புளுகு இல்லை. கடல் வழியா வந்த குதிரைகள் பட்டினப்பாலையிலேயே இருக்கு. 13-ஆம் நூற்றாண்டில் தாமிரபரணி முகத்துவாரத்துல இருந்த காயல் துறைமுகத்துக்கு, பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவில் இருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டியருக்கு வந்ததாக வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கார். ஒண்ணுக்கு 220 தினார். வழியில் கடலில் செத்தாலும் காசு உண்டு! விஜயநகரக் காலத்தில் இன்னும் விசேஷம். சாளுவ நரசிம்மர் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தார், வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்கிறார் நூனிஸ் என்ற போர்த்துகீசியக் குதிரை வியாபாரி. வால்தான் பில். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனா சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயுற கல் குதிரைகளைப் பாருங்க. அந்தக் காலத்தில் ஒரு குதிரை எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

சரி, அவ்வளவு உசத்தியான குதிரை எப்படி மட்டக்குதிரை ஆகும்? நான் மாட்டிக்கிட்ட இடம் இதுதான்.

1290-கள்ல இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கார். இங்கே நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும், கால் கோணின சின்னக் குட்டிதான் பிறக்குதாம். குதிரைக்கு வேகவச்ச அரிசியும் இறைச்சியும் போடுறாங்க, லாடக்காரங்களும் கிடையாது, அதனால வருஷ முடிவுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போகுதுன்னும் எழுதுறார். காலநிலைதான் காரணம்னு அவர் நினைச்சார். எனக்கு என்னமோ தீவனத்து மேலதான் சந்தேகம். அரிசி, தவிடுல பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கம்மி. வெறும் தவிட்டில் வளர்ற குதிரை உடம்பு, எலும்பில் இருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். வளர்ற குட்டிக்கு எலும்பு கோணிப்போகும். ஒவ்வொரு தலைமுறையும் இப்படியே போனா, திரும்பத் திரும்ப இறக்குமதி பண்றதைத் தவிர வழியில்லை.

இன்னொரு விஷயம்: குதிரையைக் கையில் அளப்பாங்க. ஒரு கை 4 அங்குலம். சுமார் 58 அங்குலத்துக்குக் கீழே இருந்தா மட்டக்குதிரை. அரபிக் குதிரையே பெரும்பாலும் 57-லிருந்து 61 அங்குலம்தான். அதனால உயரத்தை மட்டும் வச்சு தாத்தாவை மறுக்க முடியாது.

அடுத்தது ஆங்கிலேயர் காலம். 1824-ல் ஓசூர்ல ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை வந்துச்சு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருந்து 'வேலர்' குதிரைகள் மெட்ராசுக்குக் கப்பல் கப்பலா வந்து இறங்கின. அந்த வேலர்களில் பலதுக்கு அப்பன்வழி ஆங்கிலப் பந்தயக் குதிரை. இன்னைக்கு இருக்குற பந்தயக் குதிரைகளில் சுமார் 95 சதவீதத்தோட ஆண் வழி, 1704-ல் சிரியாவின் அலெப்போவில் இருந்து இங்கிலாந்து போன ஒரே ஒரு ஆண் குதிரையில் போய் நிக்குது. பேர் டார்லி அரேபியன். அதாவது, காயல் வழியா நேரா வந்திருந்தாலும், இங்கிலாந்து, ஆஸ்திரேலியான்னு சுத்தி வந்திருந்தாலும், கப்பல்ல வந்த அரபிதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒய் குரோமோசோம் இருக்கு. அப்பனிடம் இருந்து மகனுக்கு மட்டும் போகும், பெரும்பகுதி கலப்பே ஆகாது. நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, எந்த மெர்ஜும் இல்லாத ஒரே பிராஞ்ச். 2017-ல் வியன்னா ஆய்வாளர்கள் இதை வச்சுத்தான், இன்றைய ஐரோப்பிய ஆண் குதிரைகளில் பெரும்பாலானவை கடந்த சுமார் 700 ஆண்டுகளில் கிழக்கில் இருந்து போன ஆண் குதிரைகளின் வாரிசுன்னு காட்டினாங்க.

அப்போ வால் முடியை லேபுக்கு அனுப்பிடலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா முடியில் வேர் இருக்கணும். வேர் இல்லாத தண்டுல சாதாரண சோதனைக்குச் சிக்குறது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான், அது தாய் வழி. தாத்தா ஒரு வார்த்தைகூடச் சொல்லாத அந்தத் தாய்க் குதிரையைப் பத்தி வேணா தெரியும். ஆண் வழி கிடைக்காது. பெட்டியில் இருக்குற கொத்துல ஒரு முடியிலும் வேர் இல்லை. எல்லாமே கத்தரியால் நறுக்கினது.

அப்பத்தாகிட்ட கேட்டேன், ஏன் பிடுங்காம வெட்டுனீங்கன்னு.

"உசுரோட இருக்கையில வெட்டுனதுடா அது. பிடுங்குனா அதுக்கு வலிக்கும்ல?"

நூலைச் சுத்தி பெட்டியிலேயே வச்சுட்டேன். அடுத்த வாரம் சந்திப்போம்.