மக்காச்சோளமும் கிணத்துத் தண்ணியும்

பெரம்பலூர் பக்கம் எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம்தான். அதற்குப் போடும் யூரியாவில் 100க்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். மண்ணில் இது நைட்ரேட்டாக மாறும். பயிர் எடுத்தது போக மீதி, மழைத் தண்ணியோடு கிணற்றில் இறங்கிவிடும்.

நிறமில்லை, வாசனையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது! லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஏற்ற தண்ணீர் அல்ல. கைக்குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும்.

என்ன செய்யலாம்? தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் விதைக்கும்போது கால் பங்கு, 25ஆம் நாள் அரைப் பங்கு, 45ஆம் நாள் கால் பங்கு போடணும். தொழு உரத்திலும் தழைச்சத்து இருக்கு. அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்கணும். எருக்குழி கிணற்றை விட்டுத் தள்ளி இருக்கணும்.

வீட்டில் சொல்லுங்க: உரம் பயிருக்கு, கிணறு நமக்கு!