பாதி மதிப்பெண் குதிரைக்கு!

சேணம் கிடையாது, கடிவாளமும் கிடையாது. குதிரையின் முன்முதுகில் இறுக்கிக் கட்டிய தோல்பட்டை, அதன்மேல் சூட்கேஸ் பிடி போல ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அதை ஒரே கையால் பற்றிக்கொண்டு, துள்ளி உதறும் குதிரை மேல் எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். அமெரிக்க ரோடியோவில் இதற்கு ‘பேர்பேக் ரைடிங்’ என்று பெயர்.

குதிரை மேல் இறங்குவதற்கு முன் நடக்கும் தயாரிப்பே இந்த ஆட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடும். வீரர் முழங்கையைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டுகிறார். கழுத்து பின்பக்கம் வெட்டி இழுக்காமலிருக்கக் காப்பு அணிகிறார். கையுறையில் பிசின் தேய்த்து, கைப்பிடிக்குள் கையைத் திணித்து, எளிதில் கழலாதபடி இறுக்கிக்கொள்கிறார். விழாமல் காப்பதும் இந்த இறுக்கம்தான். ஆளை முடக்கிப்போடுவதும் இதுதான். எதிர்ப்பக்கமாகத் தூக்கியெறியப்பட்டால் கை சிக்கிக்கொள்ளும். குதிரையோடு இழுபட வேண்டியதுதான். அந்த நேரத்தில் பக்கத்திலேயே குதிரையில் வரும் ‘பிக்கப்’ வீரர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

விதிகளும் கடுமையானவை. குதிரை நிற்கும் கூண்டின் கதவு திறந்து, முதல் துள்ளலில் குதிரையின் முன்னங்கால்கள் தரையைத் தொடும்போது, வீரரின் குதிகால்கள் அதன் தோள்களுக்கு மேலே பதிந்திருக்க வேண்டும். தவறினால் மதிப்பெண்ணே இல்லை. மற்ற கை குதிரை மீதோ தன் மீதோ பட்டாலும் அதே கதிதான்.

எட்டு விநாடி உட்கார்ந்திருந்தால் மட்டும் வெற்றி வந்துவிடாது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் 50 வீரருக்கு. மீதி 50 குதிரைக்கு! எவ்வளவு உயரம் எகிறுகிறது, எவ்வளவு வலுவாக உதைக்கிறது என்று பார்த்து நடுவர்கள் அதற்கும் மதிப்பெண் போடுகிறார்கள். யாருக்கு எந்தக் குதிரை என்பதைக் குலுக்கல் முடிவுசெய்கிறது. சாதுவான குதிரை அமைந்தால் வீரர் முகம் வாடிவிடும். கனடாவின் கால்கரி ஸ்டாம்பீட் வளர்த்த ‘கிரேட்டட் கோகனட்’ ஆறு முறை ஆண்டின் சிறந்த பேர்பேக் குதிரையாகத் தேர்வானது. அப்படியொரு முரட்டுக் குதிரை தனக்கு விழ வேண்டும் என்றுதான் ஒவ்வொருவரும் வேண்டிக்கொள்கிறார்கள்.

இந்த ஆட்டத்தின் உச்சத்தைத் தொட்டவர் யூட்டா மாநிலத்தின் கேசி ஃபீல்ட். தந்தை லூயிஸ் ஃபீல்ட் 1985, 1986 ஆண்டுகளில் பேர்பேக் உலக சாம்பியன். மகன் 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றார். பிறகு ஐந்து ஆண்டுகள் பட்டம் கைக்கு வரவில்லை. 2016-இல் தந்தையும் புற்றுநோயால் மறைந்தார். ஆனாலும் களத்தை விட்டு அவர் விலகவில்லை. 2020-இல் மீண்டும் பட்டம். ஜோ அலெக்ஸாண்டர், புரூஸ் ஃபோர்டு ஆகியோரின் ஐந்து பட்டச் சாதனையைச் சமன் செய்தார். 2021-இல் ஆறாவது பட்டம் வென்று அவர்களைத் தாண்டினார்.

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் வீரரின் சொந்தக் காசு. ஜெயித்தால் பணம், விழுந்தால் கட்டிய பணமும் போச்சு. ஓராண்டில் வென்ற பரிசுத்தொகையை வைத்தே தரவரிசை. அதில் முதல் 15 பேருக்குத்தான் டிசம்பரில் நடக்கும் தேசிய இறுதிப்போட்டியில் இடம். எலும்பு முறிந்து வீட்டிலிருந்தால் வருமானமும் இல்லை, தரவரிசையும் இல்லை. அதனால்தான் ஊர் ஊராக ஓடுகிறார்கள். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி ரோடியோக்கள் குவியும் நாட்களுக்கு ‘கௌபாய் கிறிஸ்துமஸ்’ என்றே பெயர்.

இந்தப் பரிசுத்தொகையும் போராடிப் பெற்றதுதான். 1936-இல் பாஸ்டன் நகரில், பரிசுப்பணம் குறைவு என்று வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டிய நுழைவுக் கட்டணத்தையும் பரிசோடு சேர்க்கக் கேட்டு ஜெயித்தார்கள். அன்று பிறந்த சங்கத்தின் வழிவந்ததே இன்றைய தொழில்முறை ரோடியோ சங்கம்.

குதிரை வலுவாக உதைக்க அதன் இடுப்பில் கட்டும் பட்டையை விலங்குநல அமைப்புகள் எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பை ரோடியோ உலகம் தட்டிக்கழிக்கக் கூடாது. மதிப்பெண்ணில் பாதியைக் குதிரைக்குக் கொடுத்த விளையாட்டு, அதன் நலத்திலும் சரிபாதி அக்கறை காட்டியாக வேண்டும்.

மற்ற விளையாட்டுகளில் எதிராளி சறுக்கினால் நமக்கு லாபம். இங்கே எதிராளி முழு பலத்தையும் காட்டினால்தான் வீரருக்குப் பெருமை. நான்கு பட்டம் வென்ற பிறகும், ஐந்து ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பிய பிறகும், முரட்டுக் குதிரையையே கேட்டு நின்றார் ஃபீல்ட். அவருடைய ஆறு பட்டங்களைவிட நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.